இரத்தம் காணாது

காத்தூன் பீவியின் வீட்டில் துணிக்குப் பஞ்சம் என்று சொன்னால் மலாயாவின் கிள்ளானில் முன்பெல்லாம் எவரும் நம்பியிருக்கமாட்டார்கள். அவளுடைய கணவர் அய்யூப், பாசார்ச் சந்தைக்கு எதிர்ச்சாரியில் இருபத்தைந்து ஆண்டுகளாகத் துணிக்கடை நடத்தி வந்தவர். ஆனால் அது 1944ஆம் ஆண்டு. ஜப்பானியர் வந்த பிறகு கப்பல் வரவில்லை. கப்பல் வராததால் சரக்கும் வரவில்லை. மல்லும் சீட்டித் துணியும் இருந்த அலமாரியில் மரவள்ளிக்கிழங்கு அடுக்கப்பட்டிருந்தது. ஊரார் சாக்கைக் கத்தரித்துக் காற்சட்டை தைத்துக்கொண்டிருந்தனர். அப்படிப்பட்ட நாளில், ஐம்பத்து நான்கு வயதில், தன் பழைய கைலியைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்ளவேண்டிய நிலை மறுபடியும் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மாதவிலக்கு நின்று ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. சித்திரை மாதத்தில் ஒரு நாள் கறை தெரிந்தது. மறுநாள் இல்லை. நான்கு நாள் கழித்து மீண்டும் தெரிந்தது. பிறகு ஒரு வாரம் ஒன்றுமில்லை. வருவதற்கும் நிற்பதற்கும் கணக்கு எதுவும் கிடையாது. கூடவே ஒரு கெட்ட வாடையும் இருந்தது. அதைத் துணி துவைக்கும் சவுக்காரம் கிடைக்காத காலத்தின் குறை என்று அவள் ஒதுக்கிவிட்டாள்.

முதல் கறையைக் கண்ட அன்றே அவள் தொழுகையை நிறுத்தினாள். மாதவிலக்கு நாட்களில் முஸ்லிம் பெண்கள் தொழுவதில்லை. விட்ட தொழுகையைப் பின்னால் ஈடு செய்யவேண்டியதும் இல்லை. ஆகையால் அவர்கள் விலக்காயிருப்பதை வாய்விட்டுச் சொல்லாமல், ‘எனக்குத் தொழுகை இல்லை’ என்று முடித்துக்கொள்வார்கள். இலக்கணத்தார் இடக்கரடக்கல் என்று கூறுவது இதைத்தான். வேறு எவ்வகை இரத்தமானாலும், அதாவது புண்ணாலோ நோயாலோ வருவதானால், கழுவிக்கொண்டு தொழுதே ஆகவேண்டும்.

அவளுடைய குழப்பம் இங்கேதான் தொடங்கியது. போருக்கு முன்பு நாகப்பட்டினத்தில் அவளுடைய அக்காள் ரம்லத்துக்கும் இப்படித்தான், நின்றது திரும்பி வந்தது. ஓராண்டுக்குள் அவள் மௌத்தானாள். சாவுக்குக் காரணம் அடிவயிற்றில் புற்று என்று பிறகு செய்தி வந்தது. ஆகவே காத்தூன் பீவி தொழுகைப் பாயை விரிப்பாளானால், ‘இது விலக்கு இல்லை, நோய்’ என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். பாயைச் சுருட்டியே வைத்திருந்தால், இது வழக்கமான விலக்குத்தான், ஏதோ காலந்தப்பி வந்திருக்கிறது என்று இருந்துவிடலாம். தொழாமல் இருப்பது அவளுக்குப் பெரிய வேதனை. தொழுவதோ அதைவிடப் பெரிய பயம். இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதங்கள் போயின.

வீட்டுக்குள் இதை மறைக்க முடியவில்லை. அய்யூபின் தம்பி மனைவி ஜுபைதா அதே வீட்டின் பின்கட்டில் குடியிருந்தாள். காத்தூன் பீவியை லாத்தா, அதாவது அக்கா, என்று அழைப்பாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“என்ன லாத்தா, இன்னிக்கும் தொழுகை இல்லையா? போன வாரமும் இல்ல, அதுக்கு முந்தின வாரமும் இல்ல. வாலிபம் திரும்பிருச்சா? அய்யூப் மச்சானைத் தாடிக்கு மருதாணி வெக்கச் சொல்லவா?”

“வாயை மூடு புள்ள. சுவருக்கும் காது இருக்கு.”

“சுவரு கேட்டா கேக்கட்டும் லா. நான் கேக்குறேன். இது என்ன கணக்கு?”

“கணக்கு தெரிஞ்சா நான் ஏன் இப்படி உக்காந்திருக்கேன்?” என்று சொல்லிவிட்டுக் காத்தூன் பீவி கிழங்கு சீவுவதில் முனைந்தாள். அவளுடைய கண் கலங்கியிருப்பதைக் கண்டதும் ஜுபைதா கேலியை நிறுத்திக்கொண்டாள். அன்று மாலையே அய்யூபின் காதில் விஷயத்தைப் போட்டாள்.

அய்யூப் மனைவியிடம் எதையும் கேட்கவில்லை. நேரே பள்ளிவாசலுக்குப் போய், அங்கே மார்க்கச் சட்டம் சொல்லும் பீர் முகம்மது லெப்பையைக் கண்டார். கூச்சத்தால் பேச்சை எங்கெங்கோ சுற்றினார்.

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல ஒரு அம்மா. வயசானவங்க. நின்னு போனது திரும்ப வருதாம். அது ஹைளா, அந்த விலக்கா, இல்ல வேற மாதிரியா?”

“அந்தத் தெரிஞ்சவர் நீங்கதானே?” என்றார் லெப்பை.

“ஆமா.”

“புண்ணுல வர்ற ரத்தம்னா தொழணும். விட்டதையும் திருப்பித் தொழணும். விலக்குன்னா தொழக்கூடாது. எங்கேருந்து வருதுன்னு மார்க்கக் கிதாபைப் பாத்து எப்படிச் சொல்றது? டாக்டர் பாத்துச் சொல்லட்டும். அப்புறம் நான் சொல்றேன்.”

அய்யூப் அதைச் சுமந்துகொண்டு வந்து மனைவியிடம் சொன்னார். காத்தூன் பீவிக்கு விடை வேண்டியிருந்தது. அதே சமயம் வரப்போகும் விடை வேண்டாமலும் இருந்தது. ஆனாலும் கணவர் கேட்டுவிட்ட பிறகு மறுக்க வழி இல்லை.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், இரயில்வேக் குடியிருப்புக்கு அருகே, டாக்டர் சபாபதி சிறிய மருந்தகம் வைத்திருந்தார். யாழ்ப்பாணத்தவர், வயது அறுபதை எட்டியவர். கிள்ளானிலிருந்து இரயிலில் கணவனும் மனைவியும் போனார்கள். நிலையத்தில் நின்ற ஜப்பானியக் காவற்காரனுக்கு இருவரும் குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தார்கள். மருந்தகத்தில் அய்யூப் வாசற்பலகையில் அமர்ந்துகொண்டார். காத்தூன் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

“என்ன செய்யுது, சொல்லுங்கோ” என்றார் டாக்டர்.

அந்நிய ஆடவரிடம் அவளுக்குத் தெரிந்த சொல் ஒன்றுதான் இருந்தது.

“ஏழு வருஷமா ஒரு வேளை தொழுகை விட்டதில்லைங்க. இப்ப மூணு மாசமாத் தொழுகை இல்ல.”

டாக்டர் சற்று யோசித்தார். “தொழுறதுக்கு மனம் வரேல்லையோ?”

“மனசு வருதுங்க. தொழக்கூடாதே.”

“கூடாதெண்டு ஆர் சொன்னது?”

“மார்க்கத்துல அப்படித்தானுங்களே.”

“நித்திரை கொள்ளுறீங்களோ?”

“எங்கேங்க தூக்கம்? அதே நினைப்புதான்.”

“வீட்டில ஆரும் சயாமுக்குப் போயிருக்கினமோ?”

அவளுடைய அண்ணன் மகன், ஜப்பானியர் போட்ட சயாம் இரயில்பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டிருந்தான். அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அதைச் சொன்னாள். டாக்டருக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக அவர் நினைத்தார். அந்த ஆண்டில் துக்கத்தால் கோயிலையும் தொழுகையையும் விட்டவர்கள் பலரை அவர் பார்த்திருந்தார். அவளுடைய கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். வெளிறிக் கிடந்தது.

“கடவுள் எங்கயும் போகேல்லை அம்மா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ. உங்களுக்கு இரத்தம் காணாது. மருந்து தாறன். முருங்கைக்கீரையும் சாப்பிடுங்கோ.”

‘இரத்தம் காணாது!’ காத்தூன் பீவிக்குக் காதில் தேன் பாய்ந்தது. எங்கே, எப்படி என்றுகூடக் கேட்காமல், கண்ணிமையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாரே! இனிமேல் இரத்தம் காணாது, அவ்வளவுதான். கறுப்பு நிறக் கரைசல் நிறைந்த புட்டியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். வழியெல்லாம் அய்யூபிடம் அவள் அந்த மருத்துவரைப் புகழ்ந்துகொண்டே வந்தாள்.

அல்லாவின் கருணையோ என்னவோ, அந்த வாரம் ஒரு துளியும் வரவில்லை. அவள் தலைக்குக் குளித்தாள். பாயை விரித்துத் தொழுதாள். ஜுபைதாவுக்கு முருங்கைக்கீரையில் பங்கு கொடுத்தாள். எட்டாம் நாள் காலையில் கறை தெரிந்தது. மாலைக்குள் மடித்த துணி நனைந்துவிட்டது.

“காணாதுன்னாரே! காணுதே!” என்று அவள் கிணற்றடியில் நின்று அழுதாள். மருந்தில் பிழையா, தான் சாப்பிட்ட முறையில் பிழையா, கீரையில் பிழையா? ஒரு வாரம் தொழுதாளே, அது சரியா? இப்போது நிறுத்துவதா, தொடர்வதா? எதை எடுத்தாலும் முன்னைக்கு இப்போது முடிச்சு அதிகமாயிருந்தது.

இந்த முறை ஜுபைதா துணைக்கு வந்தாள். காத்தூன் பீவி நாற்காலியில் உட்காரும் முன்பே பேசத் தொடங்கினாள்.

“நீங்க ரத்தம் காணாதுன்னு சொன்னீங்களே டாக்டர்!”

“ஓம். காணாதுதான்.”

“காணுதுங்க!”

“காணுதோ? ஒரு கிழமைக்குள்ளயோ?” டாக்டர் வியந்து அவளுடைய இமையை இழுத்துப் பார்த்தார். முன்னிலும் வெளிறியிருந்தது. “இல்லை அம்மா. இன்னும் காணாது.”

“நேத்தும் கண்டேன். இன்னிக்குக் காலையிலயும் கண்டேன். நீங்க காணாதுன்னே சொல்லிக்கிட்டிருந்தா எப்படிங்க?”

“எங்க கண்டனீங்கள்?”

காத்தூன் பீவி தலையைக் குனிந்துகொண்டாள். ஜுபைதா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“கீழேருந்து ரத்தம் போவுதுங்க டாக்டர்! நின்னு ஏழு வருஷமாச்சு. மூணு மாசமாத் திரும்பப் போவுது. அதைத்தான் லாத்தா தொழுகை இல்லைங்கறாங்க.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தம் ஊரில் ‘காணாது’ என்றால் ‘போதாது’ என்று பொருள் என்பதை அவர் மெல்லச் சொன்னார். இரத்தம் போதவில்லை என்று சொல்லி அவர் அனுப்பியது, இரத்தம் கொட்டிக்கொண்டிருந்த ஒருத்தியை. ஜுபைதாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“பிழை என்னிலதான்” என்றார் அவர். “இனி ஒவ்வொண்டாக் கேக்கிறன். வெக்கப்படாமல் சொல்லுங்கோ.”

சிறுநீர் கழிக்கும்போது மட்டும் சிவப்பாக வருகிறதா? மலத்தோடு வருகிறதா? சிலர் மூலத்து இரத்தத்தைக் கர்ப்பப்பை இரத்தம் என்று மயங்குவதுண்டாம். இரண்டும் இல்லை என்றாள். வலி உண்டா? உடல் மெலிந்ததா? கிழங்கு தின்று மெலியாதவர் யார் என்று ஜுபைதா குறுக்கே சொன்னாள். வாடை உண்டா என்று கேட்டபோது காத்தூன் பீவி உண்டு என்று தலையசைத்தாள். டாக்டரின் நெற்றி சுருங்கியதை அவள் கவனித்தாள். அக்காள் ரம்லத்தின் அறைக்குள் கடைசி நாட்களில் எவரும் நுழைய விரும்பவில்லை என்று ஊரிலிருந்து சொல்லியிருந்தார்கள்.

“முந்தி இந்த இடத்துக்கு ஏதும் வைத்தியம் செய்தனீங்களோ?”

“சப்பான் சண்டைக்கு முந்தி அடி இறங்கி, கர்ப்பப்பை சரிஞ்சிருந்துச்சுங்க. வெள்ளைக்கார லேடி டாக்டர் அதைத் தாங்க ரப்பர் வளையம் ஒண்ணு உள்ள வெச்சாங்க. அது அப்பவே எடுத்தாச்சு.”

“எடுத்தது நிச்சயமோ?”

“என் கண்ணால பாத்தேன் டாக்டர். தட்டுல கிடந்துச்சு. ‘சூடா கெலுவார்’னு அந்தம்மா மலாயில சொன்னாங்க. வெளியில வந்துருச்சுன்னு அர்த்தம். நான் மூணு மாசம் கழிச்சுத் திரும்பி வரணும்னும் சொன்னாங்க. அதுக்குள்ள சப்பான்காரன் வந்துட்டான், அந்தம்மா போயிட்டாங்க.”

பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றார் டாக்டர். காத்தூன் பீவி எழுந்து வாசலை நோக்கி இரண்டடி வைத்தாள். ஆடவர் ஒருவர் பார்ப்பதா? ஜுபைதா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரம்லத் லாத்தாவை யாரும் பாக்கல. பாக்காமலே மௌத்தானாங்க. நீங்களும் அப்படியே போறீங்களா?”

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் நின்றாள். பின்பு திரும்பி வந்தாள். தாதி இராஜம்மா திரையை இழுத்துவிட்டு, உடல் முழுவதும் போர்த்தி, வேண்டிய இடத்தை மட்டும் விலக்கிவைத்தாள். ஜுபைதா தலைமாட்டில் நின்றுகொண்டாள். காத்தூன் பீவி கண்ணை இறுக மூடிக்கொண்டு தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினாள். விலக்கென்றால் ஓதலாமா கூடாதா என்ற ஐயம் நடுவில் வந்தது. அதையும் மீறி ஓதினாள்.

வலித்தது. அப்புறம் மிகவும் வலித்தது. பிறகு எனாமல் தட்டில் ஏதோ விழுந்த ஓசை கேட்டது.

“அம்மா, கண்ணைத் திறந்து பாருங்கோ.”

தட்டில் கறுத்துப்போன, படிவு ஏறிய வளையம் ஒன்று கிடந்தது.

“இதைத்தான் எடுத்தாச்சே!” என்றாள் அவள். தட்டில் கிடந்த பழைய வளையம் அவளுக்கு அப்படியே நினைவில் இருந்தது. இது எங்கிருந்து வந்தது? ஒன்றே மறுபடி முளைக்குமா?

“அண்டைக்குத் தட்டில பாத்தது பழையது. அதை எடுத்துப்போட்டுப் புதுசு வைச்சிருக்கிறா. மூண்டு மாதத்துக்கு ஒருக்கால் மாற்றவேணும். அதுக்குத்தான் வரச் சொன்னவ.”

“வெச்சது ஒருத்தருக்குமே தெரியாமப் போச்சே!” என்றாள் ஜுபைதா. “இரண்டரை வருஷமா லாத்தாவுக்கு உள்ளுக்குள்ள வளைகாப்பு!”

காத்தூன் பீவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் சிறிது செய்தாள். வளையம் அழுத்திய இடத்தில் ஆழமான புண் இருப்பதாக டாக்டர் சொன்னார். அய்யூபையும் உள்ளே அழைத்தார்.

“அப்ப இதுதான் காரணம். புற்று இல்லை” என்று அய்யூப் பெருமூச்சு விட்டார்.

“அப்பிடி நான் சொல்லேல்லை” என்றார் டாக்டர். “நிண்டு போன பிறகு இரத்தம் வர ஒரு காரணம் மட்டும் இல்லை. வயதாக உள்தோல் மெலிஞ்சு கசியும். கர்ப்பப்பை வாயில சின்னச் சதை வளந்து வரும். உள்ளே தோல் தடிச்சு வரும். புற்றாலும் வரும். இந்த வளையத்தாலும் வரும். ஒண்டைக் கண்டுபிடிச்சதால மற்றது இல்லையெண்டு ஆகாது. கண்ணுக்குத் தெரிஞ்ச அளவில கர்ப்பப்பை வாய் நல்லாத்தான் இருக்கு. உள்ளுக்க என்ன எண்டு கண்ணுக்குத் தெரியாது. இனி வளையம் இல்லை. புண் ஆறட்டும். ஆறின பிறகும் ஒரு துளி வந்தால், கர்ப்பப்பைக்குள்ள சுரண்டி எடுத்துப் பாக்கவேணும்.”

“அப்ப இது விலக்கா, புண்ணா?” என்று காத்தூன் பீவி கேட்டாள். அவளுக்கு வேண்டியது ஒரே சொல்.

“நான் கண்டது புண். காணாதது தெரியாது.”

“தொழலாமா?”

“அதை உங்கட லெப்பையைக் கேளுங்கோ.”

“அவரு உங்களைக் கேக்கச் சொன்னாரே!”

டாக்டர் வளையம் கிடந்த தட்டைத் தாதியிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. புதிய வளையம் அந்த நாளில் எங்கும் கிடைக்காது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டம் இருந்த ஊரில் ஒரு ரப்பர் வளையத்துக்கு வழியில்லை. அடி மறுபடி இறங்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். துணியில் இன்னும் இரத்தம் இருந்தது. காத்தூன் பீவி வெகுநேரம் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். லெப்பையை மறுபடி கேட்டுவர அய்யூப் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“வேணாம், உக்காருங்க” என்றாள் அவள்.

கழுவிக்கொண்டாள். புதிய துணி ஒன்றை இறுகக் கட்டிக்கொண்டாள். தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்தாள். இரத்தம் நிற்கவில்லை, நின்றுவிடும் என்று எவரும் உறுதி கூறவுமில்லை. ஆனாலும் பாயை விரித்தாள். பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த ஜுபைதா திகைத்துப்போனாள். தொழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“லாத்தா, ரத்தம் இருக்கே. அப்ப நோயின்னு ஒத்துக்கிட்டீங்களா?”

“ஆமா. நோய்தான். எந்த நோயின்னுதான் தெரியல.” மூன்று மாதமாக வாயில் வராததைச் சொல்லிவிட்டாள்.

புண் ஆற ஆறு வாரம் பிடித்தது. கறை குறைந்து, மங்கி, பின் இல்லாமற்போயிற்று. மறுபடி பிரிக்பீல்ட்ஸ் போனாள். மறுபடி திரைக்குப் பின்னே கண்ணை மூடிக்கொண்டாள். இன்று ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கவனிக்கவேண்டும், ஒரு துளி தெரிந்தாலும் அன்றே வரவேண்டும் என்றார் டாக்டர். இரயிலில் அவள் கணவரைக் கேட்டாள்:

“அப்ப எனக்கு நல்லாயிருச்சா?”

“நல்லாயிருச்சுன்னுதானே சொன்னார்.”

“அப்படிச் சொல்லல. இன்னிக்கு ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னார்.”

“ரெண்டும் ஒண்ணுதான் லா.”

அவளுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றவில்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்த நிம்மதியைக் கெடுக்க மனமில்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

புண் என்று தெரிந்ததால் விட்ட தொழுகையெல்லாம் அவள் மீது கடனாக நின்றது. எந்தெந்த நாளில் கறை இருந்தது, எந்த நாளில் இல்லை, கீரை தின்ற வாரத்தில் எத்தனை வேளை தொழுதாள் என்பதெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. மனம் போதும் என்று சொல்லும்வரை தொழச் சொல்லியிருந்தார் லெப்பை. வீட்டுக்கு வந்ததும் அன்றைய அசரை, அதாவது பிற்பகல் தொழுகையை, தொழுதாள். பிறகு எழுந்து, கடனாக நின்ற ஒன்றைத் தொழ மறுபடியும் கையைக் கட்டினாள். சலாம் கொடுத்து முடித்தபோது ஜுபைதா முறத்தோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“லாத்தா, இது எந்த நாளு அசர்?”

“தெரியல புள்ள. என் மேல கடனா இருக்கிறதுல முதல் அசர்னு மனசுல எண்ணி நிய்யத் வெச்சேன்.”

“அப்ப நாளைக்கு?”

“நாளைக்கும் மிச்சத்துல அதான் முதல்” என்று சொல்லிக் காத்தூன் பீவி மறுபடியும் எழுந்து நின்றாள்.